முன் சீட்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: சைக்கிள் கடைக்காரர். கல்லாவில் அவருடைய மாமியார். சலவை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த கணவன். மருந்துக் குப்பி ஆலையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த மனைவி. அவர்களுடைய மகள், மூன்று வயது நிறைய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாயை மூடாததால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

விஷயம் இதுதான். மனைவியின் ஷிப்டை முன்னால் தள்ளிவிட்டார்கள். இதுவரை அவள் ரேடியோவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் கிளம்பும்போது காப்பகம் திறந்திருக்காது. அவள் கிளம்பும் நேரம்தான் கணவன் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். ஆகவே பிள்ளையை அவன் கொண்டுபோய் விட வேண்டும். அவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதற்கு ஒரு குழந்தை சீட் வேண்டும்.

கடைக்காரர் இரண்டு சீட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இது பின்னாடி மாட்டுறது. முதுகு உயரம், பெல்ட்டு அகலம், கால் சக்கரத்துக்குள்ள போகாம ரெண்டு பக்கமும் மறைப்பு இருக்கு. பிள்ளை தூங்கிட்டா இப்படிச் சாய்ச்சு விட்டுக்கலாம். அஞ்சு வயசு வரைக்கும் கவலையே இல்ல. இது முன்னாடி மாட்டுறது. ஹேண்டில்பாருக்கும் உங்களுக்கும் நடுவுல. சின்னப் பிள்ளைங்களுக்கானது. பாப்பாவுக்கு ஆறு மாசம் தாங்கினா அதிகம்.”

“பின்னாடி மாட்டுறதே குடுங்கண்ணே,” என்றாள் மனைவி.

“முன்னாடி,” என்றான் கணவன்.

“அண்ணன் சொல்றது காதுல விழலையாங்க? ஆறு மாசம்தானாம்.”

“பரவால்ல.”

“எங்க வீட்டு மாப்பிள்ளையும் இப்படித்தான்,” என்றாள் கல்லாவில் இருந்த மாமியார். “நான் கிழக்குன்னா அவரு மேற்கு.”

“அத்தை, நீங்க கல்லாவைப் பாருங்க.”

“அதைத்தான் பாக்குறேன். காலையிலேருந்து ஈ ஓட்டிட்டு இருக்கு.”

ரேடியோ அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கடைக்காரரின் வழுக்கையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்க முடி எங்க?”

“வீட்ல வச்சுட்டு வந்துட்டேன் பாப்பா.”

“ஏன்?”

“வெயில்ல கெட்டுப் போயிடும்ல.”

“என் முடி கெட்டுப் போகல. அம்மா முடி கெட்டுப் போகல. அப்பா முடி—”

கணவன் முன் சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்கள் சிவந்து, ஓரங்கள் வீங்கியிருந்தன. “இதுல பிள்ளை தூங்குமா?” என்று கேட்டான்.

“அதான் தம்பி இதுல கஷ்டமே. தலை சாய்க்க ஒண்ணும் கிடையாது. தூங்கினா நெத்தி ஹேண்டில்பார்ல வந்து இடிக்கும்.”

“அப்ப தூங்க மாட்டா.”

“தூங்க விடாது.”

“அதுதான் வேணும்.”

மனைவியின் வேலை, வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக ஓடும் குப்பிகளில் விரிசல் தேடுவது. வருடக்கணக்காக அதையே செய்தவளுக்கு எங்கே பார்த்தாலும் விரிசல்தான் முதலில் கண்ணில் படும். கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய முழங்கையை. அங்கே புண் காய்ந்து கறுத்திருந்தது. ரோட்டில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது, வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தான்.

“பிள்ளை ஏன் தூங்கக் கூடாது?”

“சும்மாதான்.”

“கொஞ்சம் வெளிய வாங்க.”

கடைக்கு வெளியே பழைய டயர்களைக் குவித்திருந்தார்கள். அதன் மறைவில் போய் நின்றதும் அவள் மரியாதையை விட்டாள்.

“கையில அடிபட்டது எண்ணெயிலயா?”

அவன் முழங்கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

“உன்னைத்தான் கேக்குறேன்.”

“கண்ணு சொருகிடுச்சு.”

“எத்தனை தடவை?”

“விழுந்தது ஒரு தடவைதான்.”

“நான் விழுந்ததைக் கேக்கல.”

அவர்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்து அவன் சொன்னான்.

ஆலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்ப்பார்கள். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், ஆளுக்கு ஒரு மூலை. விடிகாலையில் நீராவிச் சூட்டில் யாருக்கும் கண் நிற்காது. தலை தொங்கினால் எதிரே நிற்பவன் விரிப்பை ஒரு இழு இழுப்பான். விழித்துக்கொண்டு விடலாம். பிறகு அவன் தலை தொங்கும்போது இவன் இழுக்க வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான் வேலை பார்க்கிறார்கள்.

“சைக்கிள்ல இழுக்க ஆள் இல்ல,” என்றான். “அவ முன்னாடி உக்காந்தா பேசிட்டே வருவா. பதில் சொல்லலன்னா விட மாட்டா, உனக்கே தெரியும். பின்னாடி உக்காந்தா காத்துல ஒண்ணும் கேக்காது. அவளும் தூங்கிடுவா. அப்புறம் நானும்.”

“நேத்துதான் பால்குடி மறந்தா. இன்னைக்கு அவளை வேலைக்குச் சேக்குற.”

“வேலைன்னு ஏன் சொல்ற?”

“வேற என்ன? விரிப்பு இழுக்க ஆள் எடுக்கிற. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது.”

“பாட்டு போட்டுப் பாத்தேன். அது தாலாட்டு மாதிரி ஆயிடுது.”

“பஸ்ல கூட்டிட்டுப் போ.”

“போன மாசம் மழையில பஸ்ல வந்தேன்ல. டிப்போவுல பஸ் கழுவுறவன் ஜன்னல் வழியா தண்ணி அடிச்சப்பதான் முழிச்சேன். நான் மட்டும்னா பரவால்ல. இவ பாட்டுக்கு எங்கயாவது இறங்கிப் போயிடுவா.”

அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. அது வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

“பகல் ஷிப்ட் கேளு.”

“கேட்டாச்சு. யாராவது செத்தா சொல்றேங்கிறாரு சூப்பர்வைசர்.”

“வீட்லயே வச்சுக்கோ. காப்பகமே வேணாம்.”

“நான் படுத்தா பொணம். இவ கேஸ் அடுப்பைத் திருகுவா, கதவைத் திறந்துட்டு லாரி ரோட்டுக்குப் போவா.”

அவளுடைய ஆலையில் புது ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்த இடத்துக்கு வாசலில் வேறு ஆள் நிற்கிறது. அதை இருவரும் பேசவில்லை. ஏற்கெனவே பலமுறை பேசியாகிவிட்டது. நடந்து போகவும் முடியாது, போய்ச் சேர்வதற்குள் காப்பகத்தில் கதவை அடைத்துவிடுவார்கள். அவள் இன்னும் கொஞ்ச நேரம் டயர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

“முன்னாடி மாட்டுறதே குடுங்கண்ணே.”

கடைக்காரர் தயங்கினார். “தங்கச்சி, வியாபாரத்துக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. பின்னாடி உள்ளதுதான் பத்திரம்.”

“தெரியும்.”

“அப்பா ஜெயிச்சுட்டாரு போல,” என்றாள் மாமியார்.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் போனார். சீட்டை முறுக்கி முடித்ததும், மனைவி ஒரு மணியும் மாட்டச் சொன்னாள். எங்கே என்று கேட்டதற்கு, பிள்ளைக்குக் கை எட்டும் இடத்தில் என்றாள்.

அந்த வாரம் முழுவதும் மாலையில் அடுக்களையில் பாடம் நடந்தது. ரேடியோவை அம்மா ஒரு முக்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கையில் ஸ்பூன் கொடுத்திருந்தாள். பிறகு பின்னால் நின்று அப்பாவாக நடித்தாள்.

“அப்பா பேசலன்னா?”

“மணி.”

“அடி பாக்கலாம்.”

ரேடியோ கிண்ணத்தை அடித்தாள்.

“அப்பா தலை கீழ போனா?”

“கத்தணும். அப்பா எந்திரி, அப்பா எந்திரி.”

“அப்பவும் எந்திரிக்கலன்னா?”

இதற்கு ரேடியோ யோசித்தாள். “கடிக்கணும்.”

“எங்க?”

“கையில.”

மனைவி இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கை பிள்ளையின் வாய்க்கு அருகில்தான் இருக்கும்.

“சரி. நல்லாக் கடி.”

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் அடுக்களை நிலைப்படியில் நின்று பார்த்தான். சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தும் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. பொம்மையைத் தூங்க வைத்து, உடனே மணி அடித்து எழுப்பி, எழுந்திருக்காத பொம்மையின் கையைக் கடித்துக் குதறினாள். மனைவி அவளைப் பொழுது சாய்ந்ததும் படுக்க வைக்க ஆரம்பித்தாள். காலையில் அவள் தெளிவாக இருக்க வேண்டும்.

முதல் நாள் அவன் வீட்டுக்குள் வரவில்லை. உள்ளே வந்தால் உட்காருவான், உட்கார்ந்தால் முடிந்தது. வாசலிலேயே மனைவி பிள்ளையைச் சீட்டில் வைத்து பெல்ட்டை மாட்டி, ஹெல்மெட் வாரை இறுக்கினாள். அவன் முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“பேசிட்டே போ,” என்றாள். இருவரில் யாரிடம் சொன்னாள் என்று அவர்கள் கேட்கவில்லை.

லாரி ரோடு வரை நன்றாகவே போனது.

“அப்பா, லாரிக்கு ஏன் பல்லு இருக்கு?”

“அது பல்லு இல்ல, முன்னாடி வைக்கிற கம்பி.”

“ஏன் வைக்கணும்?”

“இஞ்சினுக்குக் காத்து போக.”

“இஞ்சின் மூச்சு விடுமா?”

“விடும்.”

“அதுக்குச் சளி பிடிக்குமா?”

“பிடிக்கும்.”

“மூக்கு யாரு சிந்தி விடுவா?”

“டிரைவர்.”

மேம்பாலத்தின் ஏற்றத்தில் அவன் பதில்கள் குறைந்தன. ஏற்றத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதனால் அவனே அதைக் கவனிக்கவில்லை. உச்சியைத் தாண்டியதும் மிதிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. காற்று முகத்தில் அடித்தது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது.

“அப்பா, டிரைவர்க்குச் சளி பிடிச்சா?”

“மூலையைப் பிடி,” என்றான் அவன். “மடங்குது பாரு.”

“எந்த மூலை?”

அவன் பதில் சொல்லவில்லை. ரேடியோ மணி அடித்தாள். மறுபடி அடித்தாள். அப்பா எந்திரி என்று கத்தினாள். சைக்கிள் ஓரத்துக் கோட்டைத் தாண்டிச் சாலையின் நடுப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அவள் குனிந்து, சொல்லிக்கொடுத்த இடத்தில் கடித்தாள்.

அவன் கண்ணைத் திறந்தபோது வலப்பக்கம் ஒரு லாரியின் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. அது தவிர வேறு எதுவும் தெரியவில்லை. சக்கரங்கள், தார்ப்பாய், சக்கரங்கள். அவன் ஹேண்டிலை இடப்பக்கம் இழுத்தான். சைக்கிள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. லாரி போய்விட்டது. டிரைவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவன் இறங்கினான். சீட்டைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் கை கால்களைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அவன் புறங்கையில் சின்னச் சின்னப் பற்களின் வரிசை பதிந்து, இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

“நான்தான் எழுப்பினேன்,” என்றாள் ரேடியோ.

“ஆமா.”

“நாளைக்கும் எழுப்புவேன்.”

“ஆமா.”

“அழாத. கொஞ்சமாத்தான் கடிச்சேன்.”

மீதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தான். நடக்கும்போது அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். காப்பகத்தை அடைந்தபோது ஆயா கதவை அடைக்க வந்துவிட்டிருந்தாள்.

“புது ஆளா இருக்கீங்க. அம்மா வரலையா?”

“இனிமே நான்தான்.”

ஆயா பெல்ட்டைக் கழற்றி ரேடியோவைத் தூக்கினாள். ரேடியோ அவள் இடுப்பிலிருந்தபடியே லாரிக்குச் சளி பிடித்த கதையை ஆரம்பித்துவிட்டாள். இறக்கிவிட்டதும் பேசிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அவன் சைக்கிளைப் பார்த்தான். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, பேசியதெல்லாம் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றி. அதே பாலத்தில் அவன் தனியாகத் திரும்ப வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. குப்பிகளில் விரிசல் தேடுகிறவளுக்கும் தோன்றவில்லை.

“ஆயா,” என்றான். “உள்ள ஒரு ஓரமா கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?”

ஆயா சிரித்தாள். “இங்க இருக்கிற பாயெல்லாம் உங்க இடுப்பு வரைக்கும்தான் வரும்.”

“தரையில படுத்துக்கிறேன். ராத்திரி வேலை. கண்ணு நிக்கல.”

அவன் விளையாடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவன் கையிலிருந்த ரத்தத்தையும் பார்த்தாள். குரல் மாறியது.

“ஆம்பளைங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு, பாப்பா அப்பா. என் வேலை போயிடும்.”

“அப்ப இந்தப் படியில?”

“படியில படுத்தா குடிச்சுட்டுக் கிடக்கீங்கன்னு நினைப்பாங்க. நாளைக்கு உங்க பிள்ளையையே சேத்துக்க மாட்டோம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? போங்க. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க.”

அவன் தலையாட்டினான். படியிறங்கிச் சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்தான். ஆயா அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.