மகளைப் பற்றிய பத்துக் கேள்விகள்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஏழு வருடமாக அவளுக்கு ஒரே வேலை, படுக்கை விரிப்பு மடிப்பது. விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை இயந்திரம் பிடிக்கும். பகல் முழுக்க வாய் திறக்க வேண்டிய தேவையே வராது. சில நாள் அறைக்குத் திரும்பி முகம் கழுவும்போதுதான், இன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று உறைக்கும்.

கடல் தாண்டி வரும்போது மகளுக்கு நான்கு வயது. கன்னம் இரண்டும் உப்பியிருந்ததால் உருண்டை என்றே கூப்பிடுவாள். அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

இப்போது இரண்டு நாட்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஐந்து வருடம் வேலை பார்த்தவர்கள் பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாதாம். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் ஒட்டுறவு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஒரே நாள், ஒரே நேரம், இங்கே தாயிடமும் அங்கே பிள்ளையிடமும் அதே பத்துக் கேள்விகள். குறைந்தது ஆறு பதில்களாவது பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பயந்து மகளிடம் மூச்சு விடவில்லை. அக்காவைத்தான் ஒரு மாதமாகப் போனில் பிய்த்து எடுத்தாள்.

"அவளுக்கு இப்ப என்ன கலர் புடிக்கும்?"

"நீலம்டி. அதையே எத்தனை தடவை கேப்ப?"

"பயம்னா எதுக்கு?"

"அவளுக்கா? அவளப் பாத்துத்தான் மத்தவங்க பயப்படணும்."

எல்லாவற்றையும் விரிப்பு மடித்தபடியே உருப்போட்டாள்.

அன்று அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் சொன்னாள். நீலம். கணக்குப் பாடம். தனியாகப் படுப்பாள். பயம் என்பதே கிடையாது.

"பரீட்சைக்குப் படிச்ச மாதிரி ஒப்பிக்கிறீங்களேம்மா" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கத்துத் தாளும் வந்தது. அவர் இரண்டையும் அருகருகே வைத்து, விரலால் வரிவரியாக இறங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணுதாம்மா பொருந்துது."

மகள் சொல்லியிருந்தது இது. பிடித்த நிறம் மஞ்சள். பிடித்தது மண்ணில் விளையாடுவது. தூங்குவது அம்மா காதைப் பிடித்துக்கொண்டு. பயம் நாயைக் கண்டால்.

படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"ஏன்டி உருண்டை, மஞ்சள்னு சொன்ன?"

"உனக்கு அதானேம்மா தெரியும்? நீ இருந்தப்ப எனக்கு என்னென்ன புடிக்கும்னு பெரியம்மாகிட்ட கேட்டுக் கேட்டு வச்சிருந்தேன். நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான். நீ ஏன்மா மாத்திச் சொன்ன?"

"நானும் பெரியம்மாகிட்டதான்டி கேட்டேன். நீலம்னு சொன்னா."

"அது ஸ்கூல் பை கலர்மா. கடையில அது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஒரு பேருந்து வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது.

"தனியாத்தானே படுக்குற?"

"ஆமா. ஆனா லைட் எரியணும். பெரியம்மா அணைச்சுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் எந்திரிச்சுப் போட்டுக்குவேன். அவங்களுக்குத் தெரியாது."

"எதுக்குடா பயம்?"



"நீ அங்கேயே செத்துப் போயிட்டா, எங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்கன்னு."

இரண்டு தாளிலுமாக இருபது பதில்கள். எதிலும் இது இல்லை. வேலைக்குத் திரும்ப அரை மணி நேரம்தான் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"அந்த லைட்டு ஸ்விட்ச். உன் கட்டில்லருந்து எட்டுமா?"

"எட்டாது. கதவுக்குப் பின்னாடி இருக்கு. இருட்டுல நடந்து போகணும்."

"எத்தனை அடி?"

"ஒன்பது" என்றாள் மகள் உடனே.