மீதி ஆறு ஜிபி

தேவகுமாரி ஸ்கேனரின் மூடியைத் திறந்து, கணவனின் முகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினாள். ஈஸ்டர் பூசைக்குப் போகும்போது எடுத்த படம். காலர் விறைப்பாக நிற்கும், முகமும் அப்படித்தான். விளக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது, படம் திரையில் வந்தது. சேமிக்கச் சொன்னாள். டிஸ்கில் இடமில்லை என்று அதே சாம்பல் கட்டம் மறுபடியும் வந்து நின்றது. காலையிலிருந்து இதே கதைதான்.

முகத்துக்குச் சொந்தக்காரரான ஏசுராஜ், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், முன்னறையில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் கடையின் ஷட்டரை இழுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இன்று நாலு மணிக்கு அடக்கம். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது, பெண்கள் ஜெபமாலை சொல்கிறார்கள். கட்டினவள் உள்ளே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

அவள் தங்கை மரியசெல்வி தடுப்புக்குள் தலையை நீட்டினாள். "அக்கா, சனங்க ஒரு மாதிரியாப் பேசுதுங்க. கொஞ்ச நேரம் மாமாகிட்ட வந்து உக்காரு."

"பேசட்டும் கண்ணு. மாமாவோட வேலையத்தான் பார்க்கறேன்."

அது நிஜம். இன்டர்நெட் என்ற சொல் இன்னும் மலையேறி வராத காலம் அது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, முன்பாதி கடையும் பின்பாதி குடித்தனமுமாக இருந்த அந்த வீட்டில்தான் ஊருக்கு வேண்டிய எழுத்து வேலையெல்லாம் நடந்தது. கல்யாணப் பத்திரிகையை விட அதிகம் அடித்தது கண்ணீர் அஞ்சலி. மலையில் யார் கண்ணை மூடினாலும், பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு அடுத்து ஆள் ஓடி வருவது இங்கேதான். மாரமங்கலத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து, சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டுப் படத்தை எடுத்து நீட்டுவார்கள். ஏசுராஜ் அதிலிருந்து ஒரு முகத்தைச் சுத்தம் செய்து, சட்டை போட்டுவிட்டு, ஒரு காகிதத்தில் கொண்டுவந்துவிடுவார். வருஷம் திரும்பியதும் அதே வீட்டார் நினைவு அஞ்சலிக்கு வருவார்களே, அதற்காக ஒரு படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தார். அப்படி வைத்து வைத்துத்தான் டிஸ்க் நிரம்பிப்போனது.

நியாயமாகப் பார்த்தால் நிரம்பியிருக்கவே கூடாது. போன வருஷம்தான் சேலத்தில் புதிதாக எட்டு ஜிபி ஹார்டு டிஸ்க் வாங்கிவந்து, தானே மாட்டினார். மாட்டிப் பார்த்தால் ரெண்டு ஜிபிதான் காட்டியது. மீதி ஆறு எங்கே? மறுநாளே மலையிறங்கிப் போய்க் கடை வாசலில் நின்று கத்தினார். கடைக்காரர் பாலசுப்பிரமணியம் தன்மையான மனுஷர். "மெஷினக் கொண்டாங்க, பார்த்துத் தர்றேன்" என்றார். ஏசுராஜ் மாட்டேன் என்றுவிட்டார். மெஷினைக் கொடுத்தால் இருக்கிற ரெண்டையும் உருவிக்கொள்வான் என்பது அவர் கட்சி. பிடித்தால் குரங்குப்பிடி.

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தேவலை. பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சந்தையில் யாராவது எடை குறைத்து நிறுத்தால், "ஏனுங்க, ஏசுராஜ் டிஸ்க்காட்டம் நிறுக்கறீங்க" என்று சிரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் அவருக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ரெண்டு ஜிபி.

இன்று காலை துக்கத்துக்கு வந்த ஒருவர் வாசலில் நின்று, "எந்த ஏசுராஜுங்க?" என்று கேட்டார். இன்னொருவர், "அதானப்பா, ரெண்டு ஜிபி" என்றார். பிணத்துக்கு மூன்று முழம் தள்ளி நின்று சொன்ன பேச்சு அது. தேவகுமாரி காதில் விழுந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இந்தப் பெயரோடு இந்த மனுஷனைக் குழிக்குள் இறக்கக்கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

கொழுந்தன் கிறிஸ்துதாஸ் உள்ளே வந்தான். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அண்ணன் மேல் உயிர்.

"அண்ணி, இதுக்குப் போயி நொம்ப யோசிக்காதீங்க. பழைய படத்துல நாலை அழிச்சுப்போட்டா இடம் வந்துருமில்லீங்க?"

"யாரோடத அழிக்கறதுங்க தம்பி?"

திரையில் பெயர்கள் வரிசையாக நின்றன. கண்ணுக்கு முதலில் பட்டது அவன் மாமியார் பெயர். கிறிஸ்துதாஸ் ஒரு கணம் யோசித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு, "வேண்டாமுங்க" என்றான். "அப்ப ஜீப் நிக்குது, சேலத்துல போயி அடிச்சுட்டு வந்தர்றேன்."

"ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசனுக்கு அசலூருல அடிக்கறதா? அது நடக்காதுங்க தம்பி. அந்த ஆறு ஜிபி எங்க போச்சுன்னு பார்த்துட்டுத்தான் நான் எந்திரிப்பேன்."

அவன் வெளியே போனான். போன வேகத்தில் அவன் குரல் வாசலில் உயர்ந்தது. ஜெபமாலை பாதியில் நின்றது. தேவகுமாரி எட்டிப் பார்த்தாள். மதியப் பஸ்ஸில் வந்து இறங்கிய பாலசுப்பிரமணியம், மூடுபனியில் நனைந்த சட்டையோடு, இலையில் சுற்றிய ரோஜா மாலையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

"என்ன தைரியத்துல வந்தீங்க? எங்கண்ணன் நெஞ்சு வெடிச்சதுக்கு நீங்களும் ஒரு காரணமுங்க" என்றான் கிறிஸ்துதாஸ். அடிக்கக் கை ஓங்கினாலும் 'ங்க' விட்டுப்போகாத ஊர்.

"கண்டக்டர் சொன்னாருங்க. மனசு கேக்கல, வந்துட்டேன்" என்றார் பாலசுப்பிரமணியம். "மாலையப் போட்டுட்டுப் போயிர்றனுங்க."

தேவகுமாரி வெளியே வந்தாள். "தம்பி, வழி உடுங்க. அவரு மாலையப் போடட்டும். போட்டுட்டு உள்ள வரட்டும். எனக்கு அவர்கிட்ட வேலை இருக்குது."

அவர் மாலையைப் போட்டார், கால்மாட்டில் நின்று கும்பிட்டார், ஈரக்கால்களைச் சாக்கில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "நீங்களே உக்காருங்கம்மா. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க. நானே தட்டுனா, அப்புறம் நான்தான் ஏதோ பண்ணிட்டேம்பாங்க."

விண்டோஸை விட்டு வெளியேறினார்கள். திரை கறுப்பானது. டிஸ்கைப் பிரித்து வைக்கிற புரோகிராமின் பெயரை அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார், அவள் தட்டினாள். திரை நிறைய ஆங்கிலம் வந்து நின்றது. கடைசி வரி ஒரு கேள்வி. பெரிய டிஸ்குக்கு உண்டான வசதியைப் போட்டுக்கொள்ள விருப்பமா? ஆமென்றால் 'ஒய்', இல்லையென்றால் 'என்'.

"இதுல ஒய் அமுக்கோணுமுங்க" என்றார் பாலசுப்பிரமணியம்.

"'என்' அமுக்கினா?"

அவர் முன்னறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ரெண்டு ஜிபியோட நின்னுக்குமுங்க. எட்டு ஏக்கர் வாங்கிப்போட்டு, ரெண்டு ஏக்கருக்கு மட்டும் வேலி கட்டுனாப்பல. மீதி நெலம் எங்கயும் போயிருக்காதுங்க, அங்கியேதான் கெடக்கும்."

தேவகுமாரியின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றுவிட்டது. போன வருஷம் இதே நாற்காலியில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த மனுஷர் எந்த எழுத்தை அமுக்கியிருப்பார் என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தெரியாத கேள்வி எதுவானாலும் ஏசுராஜிடம் பதில் ஒன்றுதான். இன்சூரன்ஸ்காரர் வந்து கேட்டாலும் வேண்டாம், டெலிபோன்காரர் வந்து கேட்டாலும் வேண்டாம். ஆமென்று சொல்லி மாட்டிக்கொள்வதை விட, இல்லையென்று சொல்லிவிட்டால் வம்பில்லை. கேள்வியை முழுசாகப் படிக்கிற பழக்கமும் கிடையாது. மெஷின் கேட்டிருக்கிறது, 'என்' அமுக்கியிருக்கிறார். அமுக்கியதும் மறந்திருக்கிறார்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏசுராஜின் நெஞ்சுப் படத்தை விளக்கில் தூக்கிப் பிடித்து, "கோயமுத்தூர் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நல்லாருப்பீங்க, எழுதிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டபோதும் அப்படித்தான். டாக்டர் வாய் மூடுவதற்குள் "வேண்டாமுங்க" என்றார். திரும்புகிற பஸ்ஸில் அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் அவள் கெஞ்சிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த மனுஷன் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து போய்த் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்கலாம் போல இருந்தது. ஒரு நிமிஷம் நின்று படித்துப் பார்த்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

அவள் கேள்வியை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். ஒய்யை அமுக்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது போல இருந்தது. டிஸ்க் தன் முழு அளவையும் காட்டியது. எட்டு. அதில் ஆறு யாரும் தொடாமல் கிடந்தது. படங்கள் இருந்த ரெண்டை சி என்றே விட்டு, அந்த ஆறை டி என்று தனியாகப் பிரித்து, மெஷினை ஒரு தரம் அணைத்துப் போட்டார்கள்.

பலகைக் கதவருகே கிறிஸ்துதாஸ் வந்து நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு தலைகள். "என்னாச்சுங்க அண்ணி? கெடைச்சுதுங்களா?"

"கெடைச்சுது."

"அப்ப யாரோட தப்புங்க?"

பாலசுப்பிரமணியம் முந்திக்கொண்டார். "எங்க கடையில விக்கறப்பவே வெவரமாச் சொல்லி அனுப்பியிருக்கோணுமுங்க. எங்க மேலதான்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று தேவகுமாரி குறுக்கே புகுந்தாள். ஊருக்கு அஞ்சி ஒரு நல்ல மனுஷன் தலையில் பழியைக் கட்ட அவளுக்கு மனமில்லை. முன்னறையில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னாள். "உங்கண்ணன ஆரும் ஏமாத்துலீங்க தம்பி. முழுசும் வேணுமான்னு மெஷின் கேட்டிருக்குது. அவருதான் வேண்டாம்னுட்டாரு."

சேலத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்குக் கிறிஸ்துதாஸும் நின்றிருந்தான். அவன் தரையைப் பார்த்தான். பிறகு பாலசுப்பிரமணியத்தின் பக்கம் திரும்பி, "வாங்க, ஒரு காப்பி குடிச்சுட்டு வரலாம். நனைஞ்சு வந்திருக்கீங்க" என்றான்.

"இருங்க தம்பி, இன்னொரு கேள்வி கேக்குது" என்றாள் தேவகுமாரி.

புது இடத்தை ஃபார்மட் செய்து பண்படுத்தச் சொன்னால், அதிலிருக்கிற அத்தனையும் அழிந்துபோகும், தொடரலாமா என்று மெஷின் கேட்டது. மலையில் செத்தவர்கள் எல்லாருடைய முகமும் இந்த டிஸ்கில்தான் இருக்கிறது. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "இது டி தானுங்களே? சி இல்லையே?"

"டி தானுங்க. ஒண்ணுமே இல்லாத எடத்துல அழியறதுக்கு என்னங்க இருக்குது?"

அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றுக்கு எத்தனை என்கிற கணக்கு மெதுவாக ஏறத் தொடங்கியது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. முன்னறையில் ஜெபமாலை மறுபடி ஆரம்பித்தது. காப்பி வந்தது, ஆறிப்போனது. நடுவில் விளக்கு ஒரு தரம் மங்கித் திரும்பியபோது வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருசேர நிமிர்ந்து பல்பைப் பார்த்தார்கள். கரண்டு போகவில்லை. பெண்களில் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, "எவ்வளவு ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டுப் போய், "பாதி தாண்டிருச்சாமா" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். மெஷின்கிட்ட உட்கார்ந்திருக்கிறாளே என்று குறைபட்டவளும் அவளேதான்.

நூறானதும் விண்டோஸுக்குத் திரும்பி, தேவகுமாரி ஸ்கேனரின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். படம் வைத்த இடத்திலேயே இருந்தது. விளக்கு நகர்ந்தது, முகம் வந்தது, புது இடத்தில் போய் உட்காரச் சொன்னாள். சாம்பல் கட்டம் வரவில்லை. முதல் ஆளாக ஏசுராஜ் உள்ளே போனார். எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தாள். ஆறு ஜிபி என்றே காட்டியது. அவர் போய்ச் சேர்ந்த சுவடே அதில் தெரியவில்லை.

பெயரை அடித்தாள். பிறந்த தேதி, இறந்த தேதி, அடக்கம் செய்யும் இடம், துயருறும் மனைவி. 'துயருறும்' என்பதை அவர் எப்போதும் கொட்டை எழுத்தில் போடுவார். அவள் சிறியதாகவே போட்டாள். ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தால் போதும், எதிர்க் கடையில் ஜெராக்ஸ் போட்டுப் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் ஒட்டிவிட்டு வர ஆள் தயாராக நின்றது. பிரிண்டரில் வழவழப்பான காகிதம் ஒன்றை வைத்தாள். நல்ல தரத்தில் எடுக்கட்டுமா, சீக்கிரம் எடுக்கட்டுமா என்று கேட்டது. நல்ல தரத்தில் எடுக்கச் சொன்னாள்.

பிரிண்டர் இடமும் வலமும் உழுதபடி, காகிதத்தை நூல் நூலாக வெளியே தள்ளத் தொடங்கியது. அஞ்சலி என்ற எழுத்துகள் வந்தன. அதன் கீழே தலைமுடி வந்தது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. நெற்றி வந்தது.

வாசலில் சாமியாரின் குரல் கேட்டது. பெட்டியைத் தூக்கி வைக்கிற சத்தமும், "அந்தப் பக்கம் புடிங்க, அந்தப் பக்கம்" என்று யாரோ சொல்கிற சத்தமும் கேட்டன. மரியசெல்வி அழுத முகத்தோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, நேரமாச்சாம். மூடிறலாமான்னு சாமியார் கேக்கறாரு."

"வேண்டாம்" என்றாள் தேவகுமாரி. "இருக்கச் சொல்லு கண்ணு. இன்னும் புருவந்தான் வந்திருக்குது."

காகிதம் நழுவிக் கீழே விழுந்துவிடாதபடி இரண்டு கைகளையும் அதன் அடியில் நீட்டிக்கொண்டு நின்றாள். கண்கள் வரத் தொடங்கின.