மூன்றாவது கோடு

கண்ணாடிக்கடை அக்காவின் போன் தினமும் காலையில் ஒரே கேள்வியைக் கேட்கும்: இப்போது புதுப்பிக்கலாமா? அவளும் தினமும் ஒரே பதிலைச் சொல்வாள்: பிறகு. மகளுக்குக் கல்யாணமாகி, அந்த மகளுக்குப் பிறந்ததும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. இந்தப் 'பிறகு' மட்டும் இன்னும் வரவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்பது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், நினைத்துவிட்டுப் போகட்டும் என்று தெருவும் வாயை மூடிக்கொண்டிருந்தது. தெரு வாயை மூடிக்கொள்வது அபூர்வம் என்பதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை; தொழிலில் கெட்டிக்காரி. ஆள் கடைக்குள் நுழையும்போதே இடது காது வலது காதைவிடத் தாழ்ந்திருக்கிறதா, மூக்குத்தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று எடைபோட்டுவிடுவாள். காதில் மாட்டுகிற கண்ணாடிக் காலைச் சூடுகாட்டி வளைத்து, மாட்டிவிட்டு, "குனிங்க. நிமிருங்க. தலையை ஆட்டுங்க. நழுவுதா?" என்பாள். நழுவாது. ஊரார் முகத்தையெல்லாம் இப்படி நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பவள், சொந்த அக்காவின் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதற்கும் காரணம் கண்ணாடிதான். மகளுக்கு ஒரு நல்ல இடத்தில் பேச்சு முடிகிற நேரம். பையனும் அவன் அம்மாவும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் போடுவது சோடாபுட்டிக் கண்ணாடி. அன்றைக்கு மட்டும் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துவிட்டிருந்தாள் அம்மாக்காரி. கடையில் இருக்கிற வசதி. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அதாவது இவளுடைய அக்கா, கூடத்தின் நடுவில் நின்று வெள்ளந்தியாகக் கேட்டாள்: "ஏன்டி குட்டி, கண்ணாடி இல்லாம உனக்கு எப்படிடி கண்ணு தெரியுது? சுவத்துல போய் முட்டிக்கப் போறே!" பையனின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அதோடு அந்தப் பக்கமிருந்து பேச்சு மூச்சில்லை.

"வேணும்னே பண்ணினா" என்றாள் தங்கை. "உள்ளதைத்தானே கேட்டேன்" என்றாள் அக்கா. மகள் பிற்பாடு தன்னுடையதைவிடக் கனமான கண்ணாடி போட்ட ஒருவனைத் தானே தேடிக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெளிவாகப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். கல்யாணம் நின்றுபோனவளே மறந்துவிட்ட சண்டையை அக்காவும் தங்கையும் விடாமல் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு போன் இல்லை, நல்லது கெட்டதுக்கு ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் ஆட்டம் இருந்தது.

சண்டைக்கு முன்பே மகள் இரண்டு பேர் போனிலும் போட்டுக்கொடுத்த ஆட்டம். சின்ன வயதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் ஆடியதுதான். வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். மாற்றி மாற்றி ஆளுக்கொரு கோடு போட்டுப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். நாலாவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடுகிறவருக்குக் கட்டம் சொந்தம். அதனால் மூன்றாவது கோட்டைப் போட யாரும் துணிய மாட்டார்கள். போட்டால் எதிராளிக்குத் தாரைவார்த்த மாதிரி.

சண்டை வந்த சமயம் ஓர் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அக்காவின் நீலக்கோடு ஒன்று வந்து விழுந்திருந்தது. இவள் அரைநாள் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்புக்கோடு போட்டாள். அதிலிருந்து நிற்கவில்லை. அந்த ஆட்டத்தில் பேச வழி கிடையாது; நாக்கை நீட்டுகிற மூஞ்சி ஒன்றும் அழுகிற மூஞ்சி ஒன்றும் அனுப்பலாம். அக்கா ஜெயித்தால் நாக்கை நீட்டுவாள். தோற்றாலும் நாக்கைத்தான் நீட்டுவாள். நீலக்கோடு விடிந்ததும் வந்தால் முட்டிவலி தேவலை, மத்தியானம் வந்தால் மருமகளோடு ஏதோ உரசல் என்று இவள் கோட்டை வைத்தே அங்கே நடக்கிற குடும்பத்தைப் படித்துவைத்திருந்தாள். ஒருமுறை கோடே வராமல் போனபோது சாப்பாடு இறங்கவில்லை. அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று யார் யாரையோ சுற்றிக்கொண்டு சேதி வந்தது. கண்ணாடிக்கடையில் தங்கை ஒருத்தி இருக்க, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளே என்று இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கோடு திரும்பி வந்த அன்றைக்கு வீட்டுக்காரருக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தாள். அவர் எதற்கென்று கேட்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக், ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் முதலாளி வந்து கையை வைத்தான். அப்பாவிடமிருந்து கடையை வாங்கிக்கொண்ட புது முதலாளிக்கு எதையாவது மாற்றினால்தான் தூக்கம் வரும்.

"அக்கா, இனிமே லென்ஸ் ஆர்டர் எல்லாம் இந்த ஆப்லதான். முகத்தைப் படம் புடிச்சா கண்ணுக்குக் கண்ணு எவ்வளவு தூரம்னு அதுவே அளந்துடும்."

"நான் ஸ்கேல் வச்சு அளந்தா தப்பா வருதா தம்பி?"

"தப்புன்னு யார் சொன்னா? லென்ஸ் செய்யற லேப்காரங்க இதுலதான் வாங்குவாங்களாம். எல்லார் போன்லயும் ஏறிடுச்சு. உங்க போன்ல மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"அதுக்கு வயசாயிடுச்சு."

"அப்டேட் போடுங்க, வயசு குறைஞ்சிடும். மாசக் கடைசிக்குள்ள போட்டுடுங்கக்கா. இல்லேன்னா உங்களை பில் போடற பக்கம்தான் உட்கார வைக்கணும்."

பில் போடுகிற பக்கம்! மூக்கும் இல்லை, காதும் இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு போகிற ஆட்கள்தான். 

போன் ரிப்பேர்காரருக்குத் தெருவில் 'பேட்டரி' என்று பேர். எந்தப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதைத்தான் முதலில் சொல்வார்.

"பேட்டரி போயிருக்கும்."

"போகல. இதுல அப்டேட் போட்டா, இருக்கறதெல்லாம் அப்படியே இருக்குமா?"

"போட்டோ இருக்கும், நம்பர் இருக்கும். எது போயிடும்னு பயப்படறீங்க?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவங்க மூஞ்சி இப்படி இருக்காதுக்கா."

ஆட்டத்தைத் திறந்து காட்டினாள். பேட்டரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதைச் செஞ்ச கம்பெனியே கடையைக் கட்டிட்டுப் போயாச்சு. எங்கயோ ஒரு மிஷினை அணைக்க மறந்துட்டாங்க போல, அதுல ஓடுது. புதுசு ஏத்தினா இது திறக்காது. திரும்பப் பழசுக்கு இறக்கவும் முடியாது."

"உங்க கையாலகூடவா?"

"என் கையால முடியும்னா நான் ஏன்க்கா இங்க உட்கார்ந்திருக்கேன்? ஒண்ணு பண்ணுங்க. கடைக்குன்னு வேற போன் ஒண்ணு வச்சுக்கோங்க. இது பாட்டுக்கு இப்படியே இருக்கட்டும்."

"ஒரு விளையாட்டுக்கு ஒரு போனா? இந்த வயசுலயா? தெரு சிரிக்காது?"

"தெருவுக்கு…" என்று ஆரம்பித்தவர் சட்டென்று ஒரு திருப்புளியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சரி, கொஞ்சம் சிரித்திருப்பார்கள். அதனால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள். "ஏங்க, போன்ல அப்டேட் போட்டுடலாமா?"

"போனைப் பத்திக் கேக்கறியா, உங்க அக்காவைப் பத்திக் கேக்கறியா?"

அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலையில போனைப் பார்த்து, 'திருடி, எடுத்துட்டா பாரு கட்டத்தை'ங்கறே. பின்னே யாரைத் திட்டறேன்னு நினைக்கறது? பேசாம அவங்களுக்கு ஒரு போன் போடு. 'ஆட்டம் நின்னுடப் போகுதுக்கா, இனிமே பேசிக்கலாம்'னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

"அவ முதல்ல பேசட்டும்."

"நிக்கப் போறது உன் போன்ல. அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அங்கே, கையில் சோப்பு நுரையோடு, ஒரு வழி தோன்றியது. சின்ன வயதில் இந்த இரண்டு பேரில் யார் தப்புச் செய்தாலும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. தப்புச் செய்தவள் நோட்டைத் திறந்து, வேண்டுமென்றே மூன்றாவது கோட்டைப் போட்டு நீட்டுவாள். மற்றவள் கட்டத்தை மூடித் தன் எழுத்தை உள்ளே எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது. போன் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். மானமும் போகாது.

மறுநாள் காலை, பலகையின் நட்டநடுவில், சின்னப்பிள்ளைகூடப் போடாத இடத்தில் ஒரு சிவப்புக்கோடு போட்டாள். அந்தக் கட்டத்தை மூடினால் அடுத்தது, அதை மூடினால் அதற்கடுத்தது என்று வரிசையாக அள்ளிக்கொண்டு போகலாம். எடுத்துக்கொள் அக்கா. எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசு.

அக்கா எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. நாக்கை நீட்டுகிற மூஞ்சிகூட இல்லை. இவள் மாட்டிவிட்ட கண்ணாடி ஒருவருக்கு நழுவியது; கடையில் அது நடந்ததே கிடையாது. மாசக் கடைசியில் முதலாளி பில் மேஜையைத் துடைத்துவைக்கச் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. நான் இறங்கி வருகிறேன், அக்கா ஏறி உட்கார்ந்துகொள்கிறாளா? போகட்டும். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்கள் மாட்டிய அலமாரி முன்னால் நின்றபடியே, 'பிறகு' என்ற வழக்கமான பொத்தானை விட்டு மற்றதை அழுத்தினாள்.

போன் கறுத்தது. ஒரு வெள்ளைப் பட்டை எறும்பு போல ஊர்ந்தது. பாதியில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தினால் போனே போய்விடும் என்று பேட்டரி பயமுறுத்தியிருந்தார். விழித்துக்கொண்டபோது எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, பளிச்சென்று இருந்தது. ஆட்டத்தைத் தொட்டாள். இந்தச் செயலி இதில் இயங்காது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பெரியவர் ஒருவரை உட்காரவைத்துப் புது ஆப்பில் அளந்துகொண்டிருந்தாள். அதே போன் அவள் கையிலேயே அடித்தது. அக்கா.

"உயிரோட இருக்கியாடி?"

குரலில் வயசு ஏறியிருந்தது. மற்றபடி அதே அதட்டல். "இருக்கேன்க்கா."

"கோடு போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், பதிலே காணோம். போய்ச் சேர்ந்துட்டியோன்னு நினைச்சுட்டேன்."

"நீ எப்ப போட்டே? நான் பார்த்தவரைக்கும் வரலையே."

"முதல்ல போடல. கோபம். நீ பாட்டுக்கு நட்டநடுவுல ஒரு கோட்டைக் கிறுக்கி வச்சே. ஆபரேஷன் பண்ணினவ, கண்ணு தெரியாது, பாவம் ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு பிச்சை போடறியாக்கும்னு நினைச்சேன். கண்ணாடிக்கடைக்காரி புத்தி வேற எங்க போகும்?"

"ஐயோ அக்கா, அது நாம நோட்டுல போடுவோமே…"

"தெரியும்டி. அப்புறம்தான் உறைச்சுது. உன் கட்டத்தை நான் எடுக்கல. பக்கத்துலயே நானும் உனக்கு ஒரு மூணாவது கோடு போட்டு வச்சேன். நீ எடுத்துக்கோன்னு. பாக்கலியா நீ?"

அவள் பார்க்கவில்லை. எங்கேயோ அணைக்க மறந்த ஒரு மிஷினில் அந்த நீலக்கோடு இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க அவளிடம் வழியில்லை. "போன்ல அப்டேட் போட்டுட்டேன்க்கா" என்றாள். ஏதோ கையைக் காலை உடைத்துக்கொண்ட சேதியைச் சொல்கிற மாதிரி இருந்தது. பெரியவர், நிமிரச் சொன்னவள் குனியச் சொல்வாளா என்று தெரியாமல் மோவாயைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

அக்கா தங்கை ராசியாகிவிட்டார்கள் என்று சேதி பரவியது. தெருவுக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் சுபம் என்று தெரு அடுத்த வீட்டுப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டது. அவசரப்பட்டுவிட்டது.

முதலில் தினமும் பேசினார்கள். ஆனால் எதைப் பேசுவது? மகள் கல்யாணப் பேச்சு வரக் கூடாது. கண் என்ற வார்த்தை வரக் கூடாது; கண் வராமல் கண்ணாடிக்கடைக்காரி என்னத்தைப் பேசுவாள்? மருமகளைப் பற்றிக் கேட்டால் அக்கா, "நல்லாத்தான் இருக்கா" என்றாள், பக்கத்திலேயே அந்தப் பெண் நிற்கிற தொனியில். போனில் அக்கா மரியாதைக்காரியாகிவிட்டாள். நாக்கை நீட்டுகிறவளை, திருடியை, தோற்றாலும் மல்லுக்கு நிற்கிறவளை அந்தக் குரலுக்குள் எவ்வளவு தேடியும் காணோம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகி, வாரம் ஒருமுறை என்றாகி, "சரி, வச்சிடட்டா?" என்பது சீக்கிரம் சீக்கிரம் வர ஆரம்பித்தது. இப்போது அக்காவுக்கு முட்டி வலிக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிவதில்லை. கேட்டால், பரவாயில்லை என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே பேசும்போது, ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, அதே மாதிரி புள்ளிக்கோடு ஆட்டம் வேற ஒண்ணு வந்திருக்காம். பேட்டரி சொன்னாரு. உன் போன்லயும் ஏறுமாம், எம் போன்லயும் ஏறுமாம்."



"எதுக்குடி அதெல்லாம்? அதான் இப்ப பேசிக்கறோமே."

"அதுவும் சரிதான்" என்றாள்.

"அங்க மழையா?"

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "இல்லக்கா. வெயில்தான்."