நுழையக் கூடாத முனை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றவில்லை, உத்தரவாக வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இந்த மாதம் இருபது வயது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். முதல் பக்கத்தில் முதலாளி சுப்பராயன் தனியாக, இரண்டாம் பக்கத்தில் முதலாளி சுப்பராயன் குடும்பத்தோடு, மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு கதை. விளம்பரம் கிடைக்காத பக்கங்களைக் கதை போட்டு நிரப்பலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பட்டறையில் செய்யும் ஒரு பிராக்கெட், உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் அலுமினியத் துண்டு, பெங்களூரில் சோதனையில் இருக்கும் ஒரு போர் விமானத்தின் வாலுக்குள் போகிறது. ஆகவே கதை அந்த விமானத்தைச் சோதிக்கும் விமானியைப் பற்றி இருக்கவேண்டும். வீரம் வேண்டும். இரண்டு இடத்தில் பிராக்கெட் வரவேண்டும். இருபது வருடமாக இங்கே கடிதம் எழுதுகிறவன் நான் என்பதால் கதையும் என் தலையில் விழுந்தது. எல்லாம் எழுத்துதானே என்றார்.

பொன்னேரியில் என் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை சொல்லிக்கொடுத்தார்கள். பொருள் என்னவென்று தெரியாமல் கடிதத்தைத் தொடங்கக்கூடாது என்றார்கள். கதையைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.

இன்று செவ்வாய். என் மேசையில் எழுதவேண்டியவை இரண்டு: ஒரு கதை, ஒரு கடிதம். கடிதம் மாலைக்குள் போகாவிட்டால் நாளைக் காலை ஓர் ஆள் சாகலாம். அதனால் கதையை எடுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஒலியின் வேகத்தைக் கிழித்துக்கொண்டு விங் கமாண்டர்—"

(விட்டுவிட்டேன். வேகத்தை எப்படிக் கிழிப்பது என்று எனக்குத் தெரியாது. நான் கிழித்ததெல்லாம் தாள்தான்.)

இரண்டாம் தொடக்கம்: "சோழவரத்தில் உலகப்போர்க் காலத்தில் விமானங்களுக்காக ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தபின் அதில் கார்ப் பந்தயம் விட்டார்கள். வேகம் ஊறிய அந்த மண்ணில் பிறந்த நம் நாயகன்—"

(இதையும் விட்டேன். அந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரிந்த நாலு பேரும் காலையில் சென்னைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்கள். வேகம் ஊறியதாகத் தெரியவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "பச்சையப்பன் தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கினான்."

இது பிடித்திருந்தது. பெரியபாளையத்துப் பையன், சோதனை விமானி, பெயர் பச்சையப்பன். முதலாளிக்குக் காட்டினேன். பைலட்டுக்கு இன்னாய்யா பேர் இது, எளாவூர் செக்போஸ்ட்டுல நிக்கிற லாரி டிரைவர் மாதிரி கீது, ஸ்டைலா ஒரு பேர் வை என்றார். என் தந்தை பெயர் பச்சையப்பன் என்று நான் சொல்லவில்லை. மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றவில்லை. இந்தப் பட்டறையில் இதுவரை நான் காட்டிய எதிர்ப்பு இவ்வளவுதான்.

[அடிக்குறிப்பு: சோதனை விமானி என்பவர் யார்? புது விமானம் எந்த வேகத்தில் உடையும் என்று காகிதத்தில் போட்டுவைத்திருப்பார்கள். அது சரியா என்று அதில் உட்கார்ந்து பார்ப்பவர். அதிவேக ஜெட்டுகள் புதிதாக வந்த காலத்தில் இவர்கள் நிறையப் பேர் செத்தார்கள். இப்போது முக்கால்வாசியைக் கணினியே சொல்லிவிடுகிறது. மிச்சக் கால்வாசிக்கு இன்னமும் ஓர் ஆள்தான் உட்காரவேண்டும்.]

பச்சையப்பன் மீது எனக்குச் சந்தேகமும் இருக்கிறது. மூன்று பக்கம் எழுதியும் அவனுக்கு வியர்க்கவில்லை. பயப்படவில்லை. வீட்டில் யாரும் அவனை நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "அவனுடைய கழுகுக் கண்கள்—" என்று எழுதும்போது நர்மதா வந்து நின்றாள்.

3

நர்மதா எங்கள் தரப் பரிசோதகர். பதினொரு வருடமாக இங்கே இருக்கிறாள். அவள் அம்மா எளாவூர்ப் பக்கம் மற்றவர்கள் வயலில் நாற்று நட்டவர். குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் இவள். எந்தத் துண்டும் இவள் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது.

விஷயத்தை நேற்றே சொல்லிவிட்டாள். இன்று மறுபடி சொன்னாள். நான் முதல்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

பிராக்கெட்டில் ஒரு துளை உண்டு. வாலை அசைக்கும் தண்டின் ஆணி அதில் உட்காரும். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பேனா நீளத்தில் ஓர் எஃகுக் குச்சி இருக்கிறது. கேஜ் என்போம். ஒரு முனை துளைக்குள் நுழையவேண்டும். மறுமுனை மயிரிழை பெரியது. அது நுழையக் கூடாது. நுழைந்தால் துளை பெரிதாகிவிட்டது, துண்டு குப்பைக்கு. அந்த முனைக்கு நோகோ என்று பெயர்.

ஆயுத பூசையன்று முதலாளியம்மா குணசுந்தரி தட்டோடு வந்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். இயந்திரங்களுக்கு, கணினிக்கு, ஜெராக்ஸ் மிஷினுக்கு, என் நாற்காலிக்கு. கேஜ் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு குச்சிக்கும் இரண்டு முனையிலும் வைத்தார். மறுநாள் நர்மதா துணியும் திரவமுமாகத் துடைக்கப் போனபோது, பூசை வைத்த பொட்டைத் துடைக்காதே, வேலை செய்யச் செய்ய அதுவே போகும் என்று சொல்லிப் போனார். அப்படித்தான் இந்தத் தொழிற்பேட்டையில் எல்லாரும் செய்கிறோம். நர்மதா கண்ணுக்குத் தெரிந்த பொட்டை விரலால் வழித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

நுழையும் முனையில் சந்தனம் போய்விட்டது, நாற்பது துளையில் நுழைந்து வந்ததே. நுழையக் கூடாத முனை எதிலும் நுழையவில்லை. அதனால் அதில் சந்தனம் அப்படியே காய்ந்து உட்கார்ந்துவிட்டது. தலைமுடியின் கனத்தில் கால்வாசி. அந்தக் கால்வாசியால் முனை பெருத்து, பெரிய துளையைக்கூடச் சரி என்று சொல்லிவிட்டது.

போன சனிக்கிழமை கேஜை வருடாந்திரச் சோதனைக்கு அனுப்புவதற்காகக் கழுவினாள். கழுவியபின் ஏதோ தோன்றி, பெங்களூருக்குப் போன நாற்பதோடு சேர்த்துச் செய்து மாதிரிக்கு எடுத்துவைத்திருந்த பிராக்கெட்டில் செருகிப் பார்த்தாள்.

"நோகோ உள்ள போவுதுண்ணா," என்றாள். "வழுக்கிக்கினு போவுது."

நாற்பது துண்டும் பெங்களூருக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. இரண்டை விமானத்தில் மாட்டிவிட்டார்கள். அங்கே எங்கள் துண்டுகளை வாங்கும் தர அதிகாரி அந்தோணி போன வாரம் என்னோடு பேசும்போது, புதன் காலை அதை முழு வேகத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். மெல்லப் பறந்தால் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில், துளைக்குள் ஆணிக்கு அந்தக் கால்வாசி மயிரிழை இடம் இருந்தால், வால் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் நடுக்கத்தை வளர்க்கும். இதையெல்லாம் நர்மதா எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறாள். என் பச்சையப்பனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் அவனுக்குக் கழுகுக் கண் வைத்துக்கொண்டிருந்தேன்.

4

(இங்கே முதலாளி பிராக்கெட்டைத் தடவிப் பார்த்துக் கலங்கும் ஒரு காட்சி எழுதினேன். அவர் கலங்கவில்லை. எடுத்துவிட்டேன்.)

நடந்தது இது. நானும் நர்மதாவும் முதலாளி அறையில் நின்றோம். நான் கடிதத்தின் வாசகத்தைப் படித்தேன். பொருள்: நாற்பது துண்டுகளைத் திரும்பப் பெறுதல். காரணம்: பூசையின்போது கேஜ் மீது வைக்கப்பட்ட சந்தனம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"சந்தனத்தால பிளேன் ஆடுதுன்னு பெங்களூர்க்காரனுக்கு எழுதுவியா? உயுந்து உயுந்து சிரிப்பான்யா. ஊட்ல வேற, பொட்டு வெச்சது நானான்னு கேட்டா இன்னா சொல்றது?"

பிறகு வழியும் அவரே சொன்னார். பரிசோதகர் கவனக்குறைவு என்று எழுது. பெயர் போடு. நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று எழுது. இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். சந்தனம் என்று எழுதினால் வக்கீலைக் கேட்கவேண்டும், அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

விமான வேலையில் கவனக்குறைவு என்று ஒருமுறை பெயர் எழுதப்பட்டால், இந்தத் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையும் அந்தப் பெயரை உள்ளே விடாது. அது மூன்று பேருக்கும் தெரியும். ஒருவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்.

5

முடிவுகளைப் பார்ப்போம். மலரில் இந்தக் கதை வராது என்பது போன பகுதியிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே இனி உங்களுக்காகவே எழுதுகிறேன்.

முடிவு அ. விமானம் நடுங்குகிறது. பச்சையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இறக்கிவிடுகிறான். இறங்கி வந்து பிராக்கெட்டைத் தொட்டுக் கும்பிடுகிறான். (முதலாளிக்குப் பிடிக்கும். பிராக்கெட் இரண்டாவது முறையும் வந்துவிட்டது.)

முடிவு ஆ. விமானம் விழுகிறது. மூன்று வருடம் விசாரிக்கிறார்கள். கடைசி வரி: "காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை." (அந்த வரியை எழுதியவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் பள்ளிக்கூடத்தில் படித்தவர்போல் இருக்கிறது.)

முடிவு இ. ஒன்றும் ஆகவில்லை. விமானம் போனது, வந்தது. கைதட்டினார்கள். (பத்தில் ஒன்பது முறை இதுதான் நடக்கும். எங்களைப் போன்றவர்களின் உத்தியோகம் எல்லாம் இந்த ஒன்பதின் மேல்தான் நிற்கிறது.)

மூன்றையும் நர்மதாவிடம் படித்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டு, பைலட் பேர் நிஜமாகவே பச்சையப்பனா என்றாள். தெரியாது என்றேன்.

"பேரே தெரியாதவரப் பத்தி இம்மாம் எழுதிக்கினீங்க. என் பேரு தெரியும் இல்ல? அதப் போட்டு லெட்டர அனுப்புங்க. இன்னிக்கே போவணும்."

கவனக்குறைவு என்று வரும் என்றேன்.

"வரட்டும். கையெழுத்து நான்தானே போட்டேன்."

பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி:

"ஒரு போன் போட்டா நின்னுடும்ண்ணா. அந்தோணி சார் நம்பரு உங்ககிட்டதான் கீது. நான் கேட்டா தர மாட்டேன்றீங்க."

தொலைபேசியில் சொன்னால் பதிவாகாது, இதையெல்லாம் எழுத்தில்தான் செய்யவேண்டும், முறை என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். நல்ல விளக்கம். பேசும்போதே அதன் வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

6

என் மேசையில் இப்போது இரண்டு தாள்.

முதல் தாளில் சந்தனம் இருக்கிறது. அது உண்மை. அதில் முதலாளியின் கையெழுத்து இல்லை. வெள்ளிக்கிழமை வரை இருக்காது. புதன் அதற்கு முன்னால் வந்துவிடும்.

இரண்டாம் தாளில் நர்மதா இருக்கிறாள். "எமது பரிசோதகர் செல்வி எ. நர்மதாவின் கவனக்குறைவால்" என்று தொடங்கும் வரியை நான்தான் அமைத்தேன், நன்றாக அமைந்துவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார். ஸ்கேன் செய்து அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் அங்கே போய்விடும். ஒரு விமானி வீட்டுக்குப் போவார். ஒரு பரிசோதகரும் வீட்டுக்குப் போவாள்.

(மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எண் என் கைப்பேசியில் இருக்கிறது. வாய் இருக்கிறது. முதலாளியைக் கேட்காமல் பேசினேன் என்று தெரிந்தால் இருபது வருட வேலை போகும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த வழி நேற்றிலிருந்து எனக்குத் தெரியும். உங்களுக்கும் சற்றுமுன் தெரிந்திருக்கும். தெரிந்தபின்னும் கைப்பேசியை எடுடா என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்து என்ன என்று வாசித்துக்கொண்டு வந்தீர்கள் என்றால், எங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.)

கதையை எப்படி முடிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அடக்கத்தால் அல்ல. முடித்துவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"நர்மதா இரண்டாம் தாளுக்காகக் கையை நீட்டினாள். நான்—"

இந்த வரியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். மணி ஐந்தாகப் போகிறது. அந்தோணி ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்.