காலியாக வந்த டப்பா

எங்கள் நடவுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூலி பேசி முடியும்வரை ஒருத்தியும் சேற்றில் கால் வைக்கக் கூடாது. வரப்பிலேயே உட்கார்ந்திருப்போம். வயலுக்குச் சொந்தக்காரர் தலையைச் சொறிவார். தண்ணீர் வந்துவிட்டது, நாற்று முற்றுகிறது என்பார். மெஷினை விட்டு நட்டுக்கொள்வேன் என்று பூச்சாண்டி காட்டுவார். நான் பாட்டுக்குக் கொண்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பேன். எங்களில் ஒருத்தி இறங்கிவிட்டாலும் பேச்சு முடிந்தது, அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் கூலி. அதனால் யாரும் இறங்க மாட்டோம்.

முன்னால் நின்று பேசுகிற வேலை என்னுடையது. செவ்வந்திக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் அரைக் கூலிதான் வாங்கியிருப்பார்கள்.

இந்த வழக்கம் வயலில் செல்லும். பள்ளிக்கூடத்திலும் செல்லும் என்று நினைத்தேன்.

கீழ்வேளூர் போகிற வழியில் ஒரு மெட்ரிக் பள்ளி இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் நான்கு பேருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். குலுக்கலில் கிடைத்த இடம். படிப்புக்கான ஃபீஸை அரசாங்கம் கட்டிவிடும். மற்றதற்கெல்லாம் நாங்கள் அல்லாடுவோம். என் மகள் பூமிகா மூன்றாம் வகுப்பு. ஜெயாவின் மகன் நிதிஷ் ஒன்றாம் வகுப்பு. ஜீவிதா வீட்டுப் பிள்ளையும் எழில்மொழி வீட்டுப் பிள்ளையும் யு.கே.ஜி.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் தாளாளர் இராஜாங்கம் பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். இனிமேல் வீட்டுச் சாப்பாடு கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே ஒரே சாப்பாடு, ஏழை பணக்காரன் என்கிற வித்தியாசம் பிள்ளைகள் மனதில் வரவே கூடாது என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வித்தியாசம் வராமல் இருக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னார். எங்களுக்கு அது நாலு நாள் நடவுக் கூலி. நடவுதான் வருஷம் முழுக்க இருக்கிறதா? கொஞ்சம் தள்ளி இருக்கிற அரசுப் பள்ளியில் சோறும் முட்டையும் சும்மா போடுகிறார்கள். இங்கே எல்லாரும் சமம் என்பதற்கே பில் போடுகிறார்கள்.

"அப்ப பிள்ளைய அங்கயே சேர்த்துட வேண்டியதுதானே?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு என்ன? குலுக்கலில் நிதிஷ் பெயர் விழுந்த அன்று ஜெயா அழுதுவிட்டாள். தூக்கிப் போட்டுவிட்டுப் போ என்றால் போய்விடுவாளா?

அந்த வாரமே, குறுவை நடவுக்குப் போன இடத்தில், வரப்பில் உட்கார்ந்து நாங்கள் நால்வரும் பேசி முடித்தோம்.

"ஒருத்தியும் கட்டக் கூடாது. டப்பாவுல சோறு கட்டிக் குடுப்போம். நாலு பிள்ளையையும் வெளிய அனுப்பிடுவாங்களா, பாத்துடுவோம்" என்றேன்.

"யாராச்சும் ஒருத்தி பயந்துகிட்டு கட்டிட்டா?" என்றாள் ஜீவிதா.

"அப்பறம் மத்தவங்க கதி என்னாவறது? கட்டக் கூடாதுன்னா கூடாது."

"நீ சொல்லிட்டா சரிதாங்க்கா" என்றாள் ஜெயா. எனக்கு அவள் சொந்தத் தங்கை இல்லை. சொந்தத் தங்கை இருந்தால் அவ்வளவு நம்பியிருப்பாளா என்று தெரியாது.

நால்வரும் சரி என்றதும் எனக்கு விஷயம் முடிந்துபோயிற்று. வரப்பில் ஆம்பளைகளுக்கு என்ன வேலை? கூலிப் பேச்சில் எந்த வீட்டுக்காரரையும் நாங்கள் யோசனை கேட்டதில்லை. இதற்கும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு அப்பாவும் ஒரு ஆள்தான், அவரும் போய்ப் பணம் கட்டலாம் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

பள்ளியில் எங்கள் பிள்ளைகளை விரட்டவில்லை. சாப்பாட்டு ஹாலுக்குள் விடவும் இல்லை. வெளிச் சாப்பாடு உள்ளே வந்தால் கிருமி வருமாம். சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். சின்ன வகுப்புகளுக்கு முதலில் பெல் அடிப்பார்கள், அப்போது நிதிஷும் மற்ற இரண்டு பொடிசுகளும் ஷெட்டில் உட்காரும். மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே அடுத்த பெல். அதில் எங்கள் பிள்ளை பூமிகா ஒருத்திதான்.

"பூமி தனியா உட்காந்து சாப்பிடுதாம்" என்றார் என் வீட்டுக்காரர் தியாகு, ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது.

"கொஞ்ச நாளைக்குத்தான். அவங்களே எறங்கி வருவாங்க" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேச மாட்டார். கீழ்வேளூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் கூட்டி வருவார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் 'ம்' என்று ஒன்று சொல்வார். எதிர்த்துப் பேசாத புருஷன் வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று வரப்பில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டவள் நான்.

தினமும் இருட்டிலேயே எழுந்து டப்பா கட்டினேன். பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, வாய்க்கு ருசியாகவாவது இருக்கட்டும் என்று, கையில் இருக்கிறதோ இல்லையோ, ஒரு நாள் முட்டை வறுத்தேன், ஒரு நாள் நெத்திலி. டப்பா சாயங்காலம் காலியாக வரும். கழுவியே வரும். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

"புளிச்சோறு நல்லா இருந்துச்சாடி?"

"ம்" என்பாள். அப்பா மாதிரியே.

ஜூலையில் பள்ளியிலிருந்து ஜெயாவுக்குப் போன் வந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் பணம் கட்டாத பிள்ளைகளை மதிய நேரத்தில் வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்றார்கள். நடவை விட்டுவிட்டு மதியத்தில் எவள் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவது? நான்கு பேரும் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனோம். கேட்டுக்கு வெளியே மதகுக் கட்டையில் வரிசையாக உட்கார்ந்தோம். வரப்பில் உட்காருகிற அதே தோரணை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தாளாளர் இராஜாங்கமே வெளியே வந்தார். "ஏம்மா வெயில்ல உக்காந்திருக்கீங்க? உள்ள வந்து பேசலாமே" என்றார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசுவார்.

"பேச ஒண்ணுமில்ல சார். எங்க பிள்ளைங்க எங்க சோத்தைத் தின்னுட்டுப் படிக்கட்டும். பணம் எங்களால முடியாது."

"முடியாதவங்களுக்குத் தவணை குடுக்கிறோம்மா. உங்களை மாதிரி இருக்கிறவங்களே கட்டத்தானே செய்றாங்க?"

"எங்கள மாதிரின்னா யாரு? எங்க நாலு பேருல எவ கட்டினா? ஒருத்தி கட்டியிருக்கான்னு காட்டுங்க சார், இப்பவே நாலு பேரும் கட்டிட்டுப் போறோம். அப்படிக் கட்டலன்னா பிள்ளைங்கள நாங்களே நிறுத்திக்கிறோம்" என்றேன். எழுந்து நின்று, சுற்றி நின்ற ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஜெயா என் முதுகுக்குப் பின்னால் "அப்படிக் கேளுக்கா" என்றாள்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜெயித்த முகம் இல்லை அது. பரிதாபப்படுகிற முகம்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார். "வாங்க."

சாப்பாட்டு ஹாலில் இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. நீள நீளமான மேஜை. நடு மேஜையில், ஓரத்திலிருந்து மூன்றாவதாக, எவர்சில்வர் தட்டில் சாம்பார் சாதத்தைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள் என் மகள் பூமிகா.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாயில் சோறு. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"போன மாசமே அவங்க அப்பா வந்து கட்டிட்டாரே" என்றார் இராஜாங்கம்.

யாராவது என்னைத் திட்டியிருக்கலாம். ஜெயா என் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மூன்று பேரும் பூமிகாவைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். ஜீவிதாதான் முதலில் திரும்பி நடந்தாள். நான் கூப்பிட்டது அவர்கள் காதில் விழுந்திருக்கும். நிற்கவில்லை.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக 'ங்க' போடாமல் பேசினேன்.

"எந்தக் காசுல கட்டின?"

"ஆட்டோ எஃப்.சி.க்கு வச்சிருந்தது" என்றார். மறைக்கவில்லை. அந்த மட்டும் மரியாதை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கம் லோடு எறக்கப் போனேன் செவ்வந்தி. அவ்வளவு பெரிய ஷெட்டுல புள்ள ஒண்டியா, சைக்கிளுக்கு நடுவுல குத்த வச்சு உட்காந்திருக்கு. எனக்குத் தாங்கல. நீ நாலு பேருக்காகப் பேசுற. எனக்கு இருக்கிறது அது ஒண்ணு."

"அப்ப நான் கட்டிக் குடுத்த சோறு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கதவோரம் நின்றிருந்த பூமிகா சொன்னாள். காலையில் கேட்டில் இறக்கிவிடும்போது அப்பா டப்பாவை வாங்கிக்கொள்வார். மதியம் ஆட்டோவில் உட்கார்ந்து அவரே சாப்பிட்டுக் கழுவி, சாயங்காலம் அவள் பைக்குள் வைத்துவிடுவார். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். எங்கள் வீட்டு வேலி மேய்ந்துவிட்டுப் பாத்திரத்தையும் கழுவி வைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நிமிஷமே அழுதேன். பணம் கட்டியதுகூடப் பெரிதில்லை. அவர் பிள்ளை மேல் உருகினார், நான் உருகவில்லையா? இருட்டில் எழுந்து நெத்தி வேர்க்க நான் அடுப்படியில் நின்றதைத் தினமும் பார்த்துக்கொண்டே பல் துலக்கினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்கு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லப் பழக்கினாரே.

ராத்திரி அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அந்த மூணு பேருகிட்டயும் போயி, செவ்வந்திக்குத் தெரியாது, நான்தான் அவளுக்குத் தெரியாம செஞ்சேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"நாளைக்கே சொல்றேன்" என்றார். பூமிகாவின் தலையில் கை வைத்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் போகவில்லை. லோடு வந்துவிட்டது என்றார். சாயங்காலம் ஜெயாவே வந்தாள். அவர் வாசலில் உட்கார்ந்து வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பூமிகா கதவோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சண்டைக்கு வரலக்கா" என்றாள் ஜெயா. "ஜீவிதாவும் எழிலும் தவணைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நீ எல்லார் முன்னாடியும் வாக்கு குடுத்துட்டல்ல. என்னால கட்ட முடியாது. திங்கக்கிழமை நிதிஷுக்கு டி.சி. வாங்கப் போறேன். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஜெயா, கொஞ்சம் பொறு. எதாவது பண்ணுவோம்."

"இனிமே நீ ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட காசு இருந்தா என் பிள்ளைக்கு நானும் கட்டியிருப்பேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம். நிதிஷ ஷெட்டுல உக்கார வச்சிட்டு உன் பேச்சை நம்பிக்கிட்டே இருந்தேனே."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. ஒரே வீட்டுல இருந்துகிட்டு, புருஷன் காசு கட்டுனதும் தெரியாது, பெத்த பிள்ளை எங்க திங்குதுன்னும் தெரியாதா? நான் என்ன பச்சப் பிள்ளையா?"

"இதோ உக்காந்திருக்காருல்ல உன் மாமா, அவரையே கேளு."

ஜெயா அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க மாமா. அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

விரலில் சுற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது. பொண்டாட்டிக்குத் தெரியாமல், பிள்ளையை ஏவிவிட்டு, அவள் கட்டிய சோற்றை ஒளிந்து தின்றவன் என்று நாளைக்கு ஊரில் பேசுவார்கள். அதை அவர் யோசிப்பது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிள்ளை தலையில் கை வைத்தவர் இல்லையா.

"நடந்தது நடந்து போச்சு ஜெயா" என்றார். "இனிமே அதக் கெளறி என்ன ஆவப் போவுது?"

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

பூமிகா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "சித்தி, அம்மாவுக்கு நெஜமாவே தெரியாது. அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாங்க."

"பூமி, பெரியவங்க பேசுறப்ப உனக்கு என்ன? உள்ள போ" என்றார் அவர்.

ஜெயா பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் முகத்தில் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் போனது.

"பிள்ளைக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் தெரு முனை திரும்புகிறவரை அவருக்கு நேரம் இருந்தது. அவர் கூப்பிடவில்லை.