வயர் போதும்

கடைக்குள் நுழைந்ததும் சிட்டு நேராகப் போய் நின்றது இருப்பதிலேயே சிறிய மைக்ரோவேவின் முன்னால். வெள்ளை நிறம். பொத்தான்கள் கிடையாது, இரண்டே இரண்டு திருகுகள். ஒன்று சூட்டுக்கு, இன்னொன்று நேரத்துக்கு. அவள் கீழே இருந்ததைத் திருகிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். திருகு கிர்ரென்று முனகிக்கொண்டே பழைய இடத்துக்குத் திரும்பி வந்து டிங் என்றது.

"இது போதும்மா. சைக்கிள் பெல் மாதிரி அடிக்குது பாரு."

அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் தலை தானாகவே பின்பக்கம் திரும்பியது. கணவர் வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தார். அவர் வரட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இன்னும் ஒரு வாரத்தில் சிட்டு கல்லூரி விடுதிக்குப் போகிறாள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய தூரம். அந்தத் தூரத்துக்கு அவர் சம்மதித்ததை அம்மாவால் இன்னமும் நம்ப முடியவில்லை. கடைசி நேரத்தில் ஏதாவது வந்து நிற்கும் என்று தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலோ, ரயில் ரத்தோ, அவருடைய முகத்தில் ஒரு வாட்டமோ. ஒன்றும் வரவில்லை. மாறாக அவர் உற்சாகமாக இருந்தார். பெட்டி வாங்கினார், போர்வை வாங்கினார். விடுதியைப் பார்க்கப் போன அன்று, அறைக்குள் மூலைக்கு மூலை நின்று செல்போனில் சிக்னல் எத்தனை கோடு வருகிறது என்று பார்த்தார்.

அவருக்கு வேலை ஒரு சரக்கு லாரி கம்பெனியின் கண்காணிப்பு அறையில். சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் ஒவ்வொரு லாரியும் ஒரு பச்சைப் புள்ளி. லாரி நின்றால் புள்ளி சிவப்பாகும். சிவப்பானவுடன் இவர் போன் போட்டு, "என்னப்பா, டீயா?" என்று கேட்பார். டிரைவர்கள் அவருக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. அக்கா வரும்போதெல்லாம், உனக்கு என்னடி குறை, கண்ணுக்குள்ளே வைத்துத் தாங்குகிறார் என்பாள். கண்ணுக்குள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்ன இருந்தது? கல்யாணமான புதிதில் அவள் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தாள். சாயங்காலம் அவர் வந்து அழைத்துப்போவார். பிறகு கொஞ்சம் முன்னதாகவே வந்து வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார். குழந்தைகள் அவருக்குக் கையாட்டத் தொடங்கின. தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். போகாதே என்று அவர் சொல்லவே இல்லை. அவளாகத்தான் வேலையை விட்டு நின்றாள்.

அதன் பிறகு போன். வீட்டில் போன் அடித்தால் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடவேண்டும். அது யாரும் போட்ட சட்டம் அல்ல. எடுக்காவிட்டால் அவர் பயந்துபோய் அலுவலகத்தை விட்டுக் கிளம்பி வந்துவிடுவார், அவ்வளவுதான். ஒரு மனிதரை அப்படிப் பதற வைப்பது பாவம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. சிட்டுவும் தவழ்ந்த காலத்திலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். குளியலறையிலிருந்து நுரையோடு ஓடிவந்து போனை எடுக்கும் பெண்.

இதையெல்லாம் விட அம்மாவைத் தொந்தரவு செய்தது வேறொன்று. தனியாக இருக்கும்போது அவள் மனசுக்குள் அவரிடம் பேசிக்கொண்டே இருந்தாள். காய்கறிக் கடையில் நிற்கும்போது, கூட்டமா இருந்தது, அதான் லேட்டு. மொட்டை மாடியில் காற்று வாங்கும்போது, துணி காயலை, அதான் நின்னேன். கேள்வி வருவதற்கு முன்பே பதில் தயாராகிவிடும். துணி உண்மையிலேயே காயாமல் இருந்த நாள்களில் அவளுக்கு ஒரு நிம்மதி.

"சார், ஹாஸ்டலுக்குன்னா இதுதான் எல்லாரும் எடுக்கறாங்க," என்று விற்பனைப் பெண் அவரை வேறொரு பக்கம் அழைத்துப்போனாள். கறுப்புக் கண்ணாடி போட்ட சிறிய பெட்டி. முகப்பில் எழுநூறு வாட் என்று பளபளத்தது. மூலையில் கடுகளவு நீல விளக்கு. இதை போனோடு இணைத்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். கதவைத் திறந்தால் போனுக்குச் செய்தி வரும். எத்தனை மணிக்குச் சூடு பண்ணினார்கள், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் வரும். ராத்திரி வரைக்கும் திறக்கவே இல்லையென்றால் அதுவே நினைவுபடுத்தும். இந்தச் சின்ன அளவில் இந்த வசதி உள்ளது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பீரோ மாதிரி இருக்கும்.

"பிள்ளை சாப்பிட்டுச்சா இல்லையான்னு போன் பண்ணித் தொந்தரவே பண்ண வேண்டாம் சார்."

அவர் முகம் மலர்ந்தது. விடுதி போகச் சம்மதித்ததிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"ஆயிரத்துக்குள்ளதானே? விடுதியில ஆயிரம் வாட்டுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"எழுநூறுதான் சார். முன்னாலயே போட்டிருக்கு பாருங்க."

சிட்டு எங்கே என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த வரிசையிலிருந்து வேகமாக வந்தாள். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"இங்கதான்பா இருந்தேன். ஃபேன் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தச் சின்ன ஃபேன்."

அந்தக் குரல் அம்மாவுடைய குரல். அந்த அவசரம், கேட்காத கேள்விக்கு அந்தப் பதில், ஃபேன் என்று சொன்னதோடு நிறுத்தாமல் எந்த ஃபேன் என்றும் சொன்னது. இத்தனை வருஷம் தன் தலைக்குள் மட்டும்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தாள். பெண்ணின் வாய்வழியாகக் கேட்கும்போது, யாரோ தன் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துப் போட்டதுபோல் இருந்தது.

சிட்டு கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். அப்பா விளக்கினார். அவள் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். அவள் கண்கள் ஒரு தடவை மட்டும் வெள்ளைப் பெட்டியின் பக்கம் போய் வந்தன.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

"ஏம்மா, பின்னால வயர் எவ்வளவு நீளம்னு பாரு. பிளக் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கு," என்றார் அவர் மனைவியிடம்.

அம்மா குனிந்து பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தாள். வயரைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். பிரித்து இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர். பொடி எழுத்தில் இழுக்கும் மின்சாரம் என்று போட்டு, ஆயிரத்து நூற்றைம்பது வாட் என்றிருந்தது.

விடுதி வார்டன் அம்மா மாடிப்படியில் அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அவர் மேலே அறையில் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னால ஜோரா ஒரு நம்பர் போட்டிருப்பான்மா. அது சாப்பாட்டுக்குப் போற சூடு. நாங்க பார்க்கிறது பின்னால ஒட்டியிருக்கிறதை. எத்தனை பேர் இங்க நின்னு அழுதிருக்காங்க தெரியுமா." அதை அவள் அவரிடம் சொல்ல மறந்திருந்தாள். அப்படி எதையும் மறப்பவள் அல்ல அவள். மறந்தாளா, வைத்துக்கொண்டாளா என்று இப்போது யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை.

"என்ன, சரியா இருக்கா?"

குனிந்தபடியே அவள் அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தாள். சொல்வது எவ்வளவு சுலபம். சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், நல்லவேளை பார்த்தே என்பார். பிறகு இதே வசதியோடு, பீரோ மாதிரி இருப்பதிலேயே வாட் குறைந்த ஒன்றைத் தேடிப்பிடித்துவிடுவார். சிட்டு மூட்டை சுமந்தவளைப்போல அதன் பக்கத்தில் நிற்பாள்.

"வயர் போதும்," என்றாள்.

பொய் இல்லை. அதனால்தான் குரல் நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். பிரித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று பில்லில் முத்திரை குத்தியிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அதைத் தன் போனோடு இணைத்தார். சிட்டுவைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார். அவள் திறந்தாள். அவர் சட்டைப்பையில் பறவைக்குஞ்சு போல ஒரு சத்தம். மூடினாள். இன்னொரு சத்தம். அவர் குழந்தைபோலச் சிரித்தார். சிட்டுவும் சிரித்தாள். சமையலறைக்கு வந்ததும் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"நான் கடையில அந்த டிங்குக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டு வந்திருக்கணும்மா. பாவம், தனியா நிக்குது."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னால் சிட்டு முகத்தில் தெரிந்துவிடும், முகத்தில் தெரிந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வாரம் முழுக்க அவள் அந்த எண்ணை வாய்க்குள் அடக்கிய கல்லைப்போல வைத்துக்கொண்டு திரிந்தாள். அவர் ஒருமுறையாவது பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும், தெரிந்துவிடும். துடைக்கிற சாக்கில் அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளித் தள்ளி வைத்தாள்.

சாமான்கள் இருந்ததால் ரயில் வேண்டாமென்று காரிலேயே போனார்கள். விடுதி வாசலில் வார்டன் அம்மா பெட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மைக்ரோவேவைப் பார்த்ததும் அதைத் திருப்பினாள். செல்போன் வெளிச்சத்தை ஸ்டிக்கரின் மேல் அடித்தாள்.

"இது உள்ள வராது சார்."

அவர் சண்டை போடவில்லை. அவரும் குனிந்து அந்த எண்ணைப் படித்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை அது. பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்த புள்ளி ஒன்று திடீரென்று நின்றால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

மாடிக்கு மாடி பொது மைக்ரோவேவ் இருக்கிறது, பெண்கள் வரிசையில் நின்று சூடு பண்ணிக்கொள்வார்கள் என்றாள் வார்டன் அம்மா. சிட்டு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அப்பாவிடம் கவலைப்படாதீங்கப்பா என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். படியேறும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாதே, திரும்பாதே என்று அம்மா கீழே நின்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் அவர் ரேடியோவை அணைத்தார். பெட்டி பின் இருக்கையில், சிட்டு உட்கார்ந்து வந்த இடத்தில் இருந்தது.

"வயர் போதும்னு சொன்னே."

"ஆமா."

"வேற ஒண்ணும் கண்ணுல படலையா?"

பதில்கள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன: இருட்டா இருந்தது, பொடி எழுத்து, கண்ணாடி கொண்டுவரலை. ஒவ்வொன்றும் நல்ல பதில். அவள் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"நீங்க வயரைத்தான் பார்க்கச் சொன்னீங்க."

அவர் சாலையைப் பார்த்தபடியே மெல்லச் சிரித்தார். கையை நீட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி விடு. வாங்கினது வீணாகக் கூடாது. நம்ம வீட்லயே இருக்கட்டும். உனக்கு வசதி."

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நீல விளக்கு எரிந்தது. பகலில் எல்லாவற்றையும் இதிலேயே சூடு பண்ணிக்கொள், காஸ் மிச்சம் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். அவள் குடிக்க ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்து மூடினாள். கோப்பை சுற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது. மூன்றாவது மணிக்குள் எடுத்தாள்.

"என்ன, இன்னும் சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன். இது தண்ணி."

"ஓகோ." அவருக்குப் பின்னால் கண்காணிப்பு அறையின் சலசலப்பு கேட்டது. யாரோ யாருக்கோ நின்றுவிட்ட லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அப்புறம், சிட்டுவுக்கு ஒரு மேஜை விளக்கு பார்த்தேன். எப்போ போட்டாங்க, எப்போ அணைச்சாங்கன்னு அதுவே சொல்லுமாம். சனிக்கிழமை நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்துடறேன். வாட் ரொம்பக் கம்மி. பின்னாலயும் பார்த்துட்டேன்."

அவள் நல்லது என்றாள். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தயாராகி, பெட்டி விட்டுவிட்டு ஊதியது. அவள் திறக்கவில்லை.

விளக்கைப் பற்றி சிட்டுவிடம் சொல்லவேண்டும். வாங்காதே என்று சொல்லவேண்டும், கீழே போட்டு உடைத்துவிடு என்று சொல்லவேண்டும், இத்தனை வருஷம் தான் சொல்லாததையும் சேர்த்து. அவள் சிட்டுவின் எண்ணை அழுத்தினாள்.

ஒரு மணி அடித்தது. இரண்டு. மூன்றாவதில் எடுத்துவிடுவாள் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதும் அடித்து ஓய்ந்தது. நான்காவதும். எங்கோ ஒரு மாடியில், தட்டைப் பிடித்துக்கொண்டு, பெயர் தெரியாத பெண்களோடு வரிசையில் நிற்கிறாளோ. படுக்கையில் போன் கிடக்கிறதோ. சாப்பிட்டாளா, இல்லையா. தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பது இத்தனை பயமாகவும் இத்தனை இனிப்பாகவும் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எடுக்காதே என்று அவள் முணுமுணுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே.

மணி முழுவதுமாக அடித்து நின்றது. சனிக்கிழமைக்கு முன் சொல்லிவிடலாம். அவள் போனை வைத்துவிட்டு மைக்ரோவேவின் கதவைத் திறந்து ஆறிப்போன தண்ணீரை எடுத்தாள். கதவை மூடாமல் விட்டாள். நகரத்தின் அந்தப் பக்கத்தில், ஒரு சட்டைப்பையில், குஞ்சு கத்தத் தொடங்கியிருக்கும்.

அவளுடைய போன் அடித்தது. அவள் மணிகளை எண்ணத் தொடங்கினாள்.