ஜீப் போன பிறகு

துருக்கியில் தூக்குத் தண்டனையை அடியோடு எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார் கொழுந்தனார் முகம்மது யூசுப். எங்களோடு சேர வேண்டுமென்றால் சட்டங்களைத் திருத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் சொல்லியிருந்ததாம். சொன்னபடி நடக்கிறதா என்று வருஷா வருஷம் ஆள் அனுப்பியும் பார்க்கிறதாம்.

“பாத்தீகளா மதினி, மேல இருந்து கேக்க ஆள் இருந்தா எல்லாம் தன்னால திருந்தும். நம்ம பட்டாசுக் கம்பெனியையும் இப்ப அடிக்கடி வந்து பாக்குறாக. பயப்படாம மஹ்ரீனை அனுப்புங்க.”

மஹ்ரீன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா குல்சார் பேகம் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

அவர் கணவர் இக்பால் அதே கம்பெனியில்தான் போன சீசனில் இறந்தார். அறைக்கு நான்கு பேர் என்பது சட்டம். உட்கார்வதோ பத்துப் பேர். அதிகாரி வருகிறார் என்று முந்தின நாளே தகவல் வந்துவிடும். மிச்சப் பேரைப் பின்னாலிருக்கும் கருவேலங்காட்டுக்குள் உட்காரவைப்பார்கள். அன்றைக்கு இக்பாலும் முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டு அதிகாரி ஜீப்பில் போனதும், திரும்ப அறைக்குள் வந்தார். மத்தியானம் அறை வெடித்தது.

“துருக்கிக்குப் பாக்க வர்றவுக, சொல்லிட்டு வர்றாகளா, சொல்லாம வர்றாகளா?” என்று கேட்டார் குல்சார்.

யூசுப் சிரித்தார். “அம்புட்டுப் பெரிய ஆளுக மதினி. தேதி சொல்லாம வருவாகளா?”

“அப்ப அங்கயும் ஒரு கருவேலங்காடு இருக்கும்.”

பிறகு வாசலைப் பார்த்தார். “செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா மஹ்ரீன்.”